க/பெ என்பதை த/பெ என்று திருத்தி வாசிக்கவும்

ஜூலை 8, திங்கள்

இன்று தாலுகா ஆபீஸில் என்னை என் அப்பாவுக்கே கட்டி வைத்துவிட்டார்கள்.

வேடிக்கைக்காக எழுதவில்லை, வயிறு எரிந்து எழுதுகிறேன். வீட்டுப் பட்டாவை என் பேருக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. பதிலைக் காணோமே என்று ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மனு திரும்பி வந்து அங்கேயே கிடக்கிறது. 'உறவுமுறை முரண்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.

"இதுல நீங்க யாரும்மா?" என்றான் அந்த கிளார்க்.

"சண்முகவடிவு. பிரமநாயகத்துக்கு மக."

"வாரிசுச் சான்றிதழ்ல மகள்னுதான் இருக்கு. பத்திரத்துல மனைவின்னு இருக்கே."

பத்திரத்தைத் திருப்பிக் காட்டினான். அப்பா வீட்டை எனக்கு தானமாக எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம். இரண்டாம் பக்கத்தில், எழுதி வாங்குபவர்: சண்முகவடிவு, க/பெ பிரமநாயகம். த/பெ என்று இருக்க வேண்டும். தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர். பத்திரம் பதிவாகி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அத்தனை நாளும் நான் அவருக்குப் பெண்டாட்டியாக பீரோவுக்குள் கிடந்திருக்கிறேன்.

"தட்டச்சுத் தப்பு. கண்ணால பாத்தாலே தெரியுமே," என்றேன்.

"எது தப்பு, எது சரின்னு நாங்க எப்படிம்மா முடிவு பண்ண முடியும்?" என்று கேட்டான் அந்த மகராசன்.

"அவரு இன்னைக்கு இருந்தா எண்பத்தெட்டு வயசு. எனக்கு அம்பத்தாறு. எங்க அம்மா பேரு கோமதி. போதுமா?" என்றேன். குரல் கூடிவிட்டது போலிருக்கிறது. பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு என்ன, பொழுது போயிற்று.

பட்டா இல்லாமல் நகராட்சியில் பிளான் அப்ரூவல் கிடையாது. அப்ரூவல் இல்லாமல் பின்கட்டை இடித்துக் கட்ட முடியாது. பின்கட்டு ஓடு, சாரலுக்கே மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஐப்பசி மழையைத் தாங்காது. மேஸ்திரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, உத்திரத்தைக் கையால் தட்டிப் பார்த்து, இதற்குக் கீழே படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது, வீட்டில் யார் இருக்கிறார்கள். இதில் கத்துகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

பத்திரம் எழுதின பொன்னுலிங்கத்தைப் பார்க்கப் போனேன். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே புங்க மரத்தடியில் அதே கடை, அதே கம்ப்யூட்டர். பத்திரத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, பெருமூச்சு விட்டார்.

"டைப் அடிக்கிற பிள்ளைக்குக் கை தவறிருக்கு மேடம். ஒரு எழுத்துத்தான்."

ஒரு எழுத்துத்தானாம். நான் முப்பத்தொரு வருஷமாக அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். டாக்டர்கள் கோழி கிளறினது போல் எழுதுகிற சீட்டைப் படித்து மருந்து கொடுக்கிறவள். ஒரு எழுத்து மாறினால் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் வேறு ஏதாவது போய், ஆள் வீடு திரும்ப மாட்டான். ஒரு நாள் ஒரு மாத்திரை நான் மாற்றிக் கொடுத்ததில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"அப்படிப்பட்ட நீங்களே பாக்கலையே மேடம்," என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. பக்கத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் அப்பாவின் கைரேகை, பக்கத்தில் என் கையெழுத்து.

"படிச்சுப் பாக்க நேரம் எங்க குடுத்தீரு?"

"நேரம் நானா குடுக்கல..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சரி, போனது போகட்டும், திருத்தும் என்றேன். பிழைதிருத்தல் பத்திரம் ஒன்று போட்டால் போதுமாம். எழுதிக் கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"அவரு காலமாயிட்டாருவே."

"அப்பம் அவரு வாரிசுங்க எல்லாரும் போடணும்."

"நான்தான் வாரிசு."

"தம்பி ஒருத்தரு இருக்காருல்லா மேடம்," என்றார் பொன்னுலிங்கம்.

இருக்கிறான். ஓசூரில் இருக்கிறான்.

ஜூலை 10, புதன்

மருந்துக் கிடங்கில் இருப்புச் சரிபார்ப்பு. யாரோடும் பேசவில்லை. இட்லிக்கு அரைத்து வைத்தேன்.

ஜூலை 13, சனி

சாரல் விடவில்லை. பின்கட்டில் அண்டா, குத்துப்போணி, அப்பா குளித்த பிளாஸ்டிக் வாளி மூன்றையும் ஒழுகுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடுகிறது. கேட்டுக்கொண்டே துணி மடித்தேன்.

அந்தப் பத்திரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். டைப் அடித்த பெண், பொன்னுலிங்கம், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர், ஆபீஸில் சரிபார்க்கிறவர், பச்சை மையில் கையெழுத்துப் போட்ட சார்பதிவாளர். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மகளுக்கு எழுதினாலும் மனைவிக்கு எழுதினாலும் குடும்பத்துக்குள் என்று முத்திரைக் கட்டணத்தில் ஒரே சலுகைதான் என்பதால் கம்ப்யூட்டரும் வாயை மூடிக்கொண்டு விட்டுவிட்டது. ஆளுக்கு ஒரு வரி படித்திருந்தால் போதும். நான் அந்த கிளார்க்கிடம் என் அம்மா பேரைச் சொல்லி நின்றிருக்க வேண்டாம்.

அப்பா மனமொப்பித்தான் எழுதிக் கொடுத்தார். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். கை நடுக்கத்தில் கையெழுத்து வராது, அதனால் இடது பெருவிரலில் மை தடவி எல்லாப் பக்கத்திலும் உருட்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த மையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன், புளி போட்டுத் தேய்த்தேன், சோப்புப் போட்டேன். நகக்கண்ணில் மட்டும் போகவே இல்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு ஆள் வர வேண்டியிருந்தது. அதனால் அவசரம்.

வாளி நிறைந்துவிட்டது. கொட்டிவிட்டு வர வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

சார்பதிவாளரையே நேரில் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரி. என் ஆதார், பள்ளிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் மகள், மகள், மகள். பொறுமையாகத்தான் பார்த்தார்.

"புரியுதும்மா. ஆனா நானா ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. வாரிசு ரெண்டே பேருதானே. தம்பிகிட்ட கேளுங்க, தர மாட்டாரா?"

தர மாட்டாரா என்றால் என்ன அர்த்தம். என் அப்பாவுக்கு நான் மகள்தான் என்று அவன் வந்து எழுதித் தர வேண்டும். அம்மா போன பிறகு இருபத்திரண்டு வருஷம் அப்பாவுக்குச் சோறு பொங்கினது நான். கடைசி ஒன்றரை வருஷம் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, மாற்றி விட்டது நான். அவன் பதினாறாம் நாள் முடிந்து பஸ் ஏறினவன். இப்போது அவன் வந்து சொன்னால்தான் நான் மகள்.

அந்த அம்மாவிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது வார் அறுந்தது. அதை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

ஜூலை 18, வியாழன்

தம்பி நயினாருக்கு போன் செய்ய வேண்டும். என்ன பேச வேண்டும் என்று மத்தியானம் டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் கெஞ்சுகிற மாதிரி வருகிறது.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது குளத்தங்கரை வயல். அவன் ஓசூரில் லேத் பட்டறை வைக்க அதை விற்றார் அப்பா. அப்போது எனக்கு இருபத்தெட்டு. தென்காசியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், நகை விஷயம் பேசியபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வயல் போய்விட்டதே, எதைச் சொல்வார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. அதற்கடுத்து வந்தவர்களும் அப்படியே. வயலைக் கொடுக்கும்போது என்னை ஒருத்தர் கேட்கவில்லை. 'படிச்சிருக்கா, வேலையில இருக்கா, அவளுக்கென்ன' என்றார்கள். அவளுக்கென்ன, அவளுக்கென்ன என்றே என் வயசு போய்விட்டது.

அதனால் வீடு எனக்கு வந்ததில் ஒரு அநியாயமும் இல்லை.

இன்றும் போன் செய்யவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

செய்துவிட்டேன்.

"யக்கா," என்றான். லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறான் போலிருக்கிறது. நல்லா இருக்கியா, சாரல் உண்டா, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டான். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். பத்திரத்தில் எழுத்துப் பிழை, வாரிசுக் கையெழுத்து வேண்டும், ஒரு நாள் வேலை, பஸ் செலவை நான் தருகிறேன்.

லேத் சத்தம் நின்றது. நிறுத்தச் சொன்னான் போலிருக்கிறது.

"அப்பா உனக்கு எழுதினது எனக்குத் தெரியாதேக்கா," என்றான்.

"அவரு சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்."

"என்னைக்கு ரிஜிஸ்டர் ஆச்சு?"

"தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு. பத்திரத்துல இருக்கும்."

"சரி, போட்டோ எடுத்து அனுப்பு. பாக்குதேன்."

தப்பு இருப்பது இரண்டாம் பக்கத்தில். அதை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஜூலை 22, திங்கள்

'முதல் பக்கமும் அனுப்புக்கா' என்று செய்தி. ஒரு எழுத்தைத் திருத்த முதல் பக்கம் எதற்கு? இவன் என்ன கலெக்டரா? மத்தியானம் ஒரு பாட்டி இருமல் மருந்துக்கு பாட்டில் கொண்டு வரவில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் கையை ஏந்திக்கொண்டு நின்றாள். பிறகு நானே ஒரு காலி பாட்டிலைக் கழுவி ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூலை 24, புதன்

முதல் பக்கத்தை அனுப்பினேன். தேதி மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. இரண்டு நீல டிக் விழுந்தது.

ஜூலை 25

பதில் இல்லை.

ஜூலை 26

இல்லை. இரண்டு பக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு வக்கீலிடம் காட்டுகிறானோ என்னவோ. காட்டட்டும். நானும் பார்க்கிறேன்.

ஜூலை 29, திங்கள்

பொன்னுலிங்கம் வரைவு அடித்து வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். போனேன். 'மேற்படி அசல் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் க/பெ என்று தவறுதலாகத் தட்டச்சு செய்யப்பட்டுள்ளதை த/பெ என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது.' நன்றாகத்தான் இருந்தது.

அசல் விவரம் சரிபார்க்க அவருடைய பழைய டோக்கன் நோட்டை எடுத்தார். 2019, செப்டம்பர். விரலை வைத்துக்கொண்டே வந்தார். 16, திங்கள் என்ற இடத்தில் 'பிரமநாயகம் பிள்ளை செட்டில்மெண்ட்' என்று எழுதி, குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தது. 12, வியாழன் என்ற இடத்தில் ஓரமாக நெருக்கி எழுதியிருந்தது. பக்கத்தில் 'போனில் சொன்னது. மிக அவசரம்'.

இரண்டு பேருமே அதைப் பார்த்தோம்.

"திங்கக்கிழமைக்குன்னு நிதானமா டைப் அடிச்சு, உங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்னு இருந்தேன். புதன் சாயங்காலம் போன் பண்ணி நாளைக்குக் காலையிலயே முடியணும்னு சொன்னிய. அந்தப் பிள்ளை பதறிப்போய் அடிச்சுது," என்றார்.

"இப்ப எதுக்கு அதை எடுக்கீரு? பிழை உம்ம கடையில நடந்தது. அதைப் பேசும்," என்றேன். நன்றாகச் சத்தம் போட்டுவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம்," என்று அவர் நோட்டை மூடி வைத்தார். நான் கேட்காமலே சொன்னார். எல்லாம் தெரிந்தவர் போலச் சொன்னார். அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நயினாரிடமிருந்து செய்தி வந்தது. '12ம் தேதி காலைல வாரேன். டோக்கன் போட்டுரு. அப்பா ஆதார் நகல் எடுத்து வை.' அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நான் வயலைப் பற்றிப் பேசியிருப்பேன். எல்லாம் எடுத்து வைத்திருந்தேன்.

சரி. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது. எழுதிவிடுகிறேன்.

2019 செப்டம்பர் 11, புதன்கிழமை மத்தியானம் அவன் போன் செய்தான். மகள் ராஜிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நாளை மத்தியானம் பத்திரிகை வைக்க வருகிறேன், அப்பாவிடம் இன்னொரு விஷயமும் பேச வேண்டும் என்றான். இன்னொரு விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். பட்டறை சரியாக ஓடவில்லை, பெண் கல்யாணம் வேறு. வயல் ஒரு தடவை போயிற்று, இனி வீடுதான் பாக்கி. அப்பா அவன் முகத்தைப் பார்த்தால் இல்லை என்று சொல்ல மாட்டார், முன்பும் சொன்னதில்லை. நான் உடனே பொன்னுலிங்கத்துக்கு போன் செய்தேன்.

வியாழக்கிழமை காலை ஆட்டோவில் ஏற்றும்போது அப்பா கேட்டார். "நயினார் மத்தியானம் வாரான்லா. அவனும் வந்துரட்டுமே வடிவு. ரெண்டு பேரும் இருக்கும்போது செஞ்சிருவோம்."

"டோக்கன் போட்டாச்சு. இன்னைக்கு விட்டா கிடைக்காது," என்றேன். பொய்.

ஆபீஸில் சார்பதிவாளர், மனமொப்பி எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அப்புறம் சரி என்று தலையை ஆட்டினார். அதற்கு முன்னால் பொன்னுலிங்கம் படித்துப் பாருங்கள் என்று காகிதத்தை நீட்டியபோது மணி பதினொன்றரை. நயினார் வருகிற பஸ் ஒரு மணிக்கு. நான் ஒரு வரி படிக்கவில்லை.

மனமொப்பித்தான் கொடுத்தார். அவன் இருக்கும்போது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அப்பாவைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது என்று சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வீடு கழுவினேன். பின்கட்டுக் கதவைச் சாத்தி வைத்தேன். கத்திரிக்காய், முருங்கைக்காய், அரை லிட்டர் தயிர்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக பதிவு ஆபீசுக்கே வந்துவிட்டான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. அப்பாவின் பதினாறாம் நாளுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன், மூன்றரை வருஷத்தில் இவ்வளவு நரைக்குமா. கையில் ஒரு துணிப்பை மட்டும்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பொன்னுலிங்கம் பத்திரத்தை நீட்டி, இங்கே, இங்கே, இங்கே என்று பென்சிலால் காட்டினார். நயினார் அவர் கையிலிருந்து வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். வாய்விட்டுப் படித்தான். பேர், வயது, கதவு எண், நான்கெல்லை, வடக்கே சந்து, கிழக்கே தெரு, ஒன்றையும் விடவில்லை. எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

"கூப்பிடுதாங்க நயினார்," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. இந்தத் தடவை படிச்சிருவோம். அவசரம் ஒண்ணும் இல்லல்லா? இன்னைக்கு வீட்டுக்கு யாரும் வரலல்லா?"

தலையைத் தூக்காமலே சொன்னான். பொன்னுலிங்கம் வெளியே எதையோ பார்க்கப் போய்விட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பையிலிருந்த அப்பாவின் ஆதார் நகலை எடுத்து, இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தேன். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஊரையே வாய் சாமர்த்தியத்தில் ஓட்டினவள் நான்.

மனமொப்பித்தான் போடுகிறீர்களா என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார். "ஆமா மேடம். எங்க அக்காதான். அப்பாவுக்கு மகதான்," என்றான். கேட்டதற்கு மேலேயே சொன்னான். நானும் வாரிசாகக் கையெழுத்துப் போட்டேன். என் ரேகையை மெஷின் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது. அவன் ரேகையை எடுக்கவில்லை. ஐந்து தடவை வைத்துப் பார்த்தார்கள். லேத்தில் தேய்ந்து தேய்ந்து விரலெல்லாம் வழவழவென்று இருக்கிறது. கடைசியில் மைப்பெட்டியைக் கொண்டுவந்து, பழைய மாதிரியே இடது பெருவிரலில் தடவி உருட்டி எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக் கொடுத்தேன். "இருக்கட்டும்," என்றான்.

இலை போட்டேன். வலது கையால் சாப்பிட்டான். இடது கையை மேஜைமேல், இலைக்குப் பக்கத்தில், பெருவிரல் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான். சாம்பார் ஊற்றும்போது அதைத் தாண்டித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சோறு போடும்போதும் அங்கேயேதான் இருந்தது.

"அன்னைக்கும் கத்திரிக்காய்க் கூட்டுதான்," என்றான். "அப்பா இடது கையை வேட்டி மடிப்புக்குள்ளயே வச்சிருந்தாரு. தண்ணி குடிக்க எடுத்தாரு, அப்பம் பாத்தேன். நகக்கண்ணு நீலமா இருந்துச்சு."

கையை வேட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னது நான்.

"பாத்துட்டு ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

"போன்ல தெரியாதுன்னு சொன்னியே."

"நீ தேதி ஞாபகம் இல்லன்னு சொன்ன."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தெரிந்துகொண்டே என்னை வேடிக்கை பார்த்திருக்கிறான். "நீ அன்னைக்கு வீட்டைக் கேக்கத்தானே வந்த? உண்மையைச் சொல்லு," என்றேன். இல்லை என்று சொல்வான், நான் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"ஆமா," என்றான். "கேக்கத்தான் வந்தேன்."

மோரை ஊற்றிப் பிசைந்தான்.

"கேட்டிருப்பேன். நீ வயலைச் சொல்லி ரெண்டு ஏச்சு ஏசிருப்ப. அப்பா கீழ பாத்துட்டு இருந்திருப்பாரு. நானும் கோவிச்சுட்டுப் போயிருப்பேன். ஆனா ராஜி கல்யாணத்துக்கு நீ வந்திருப்பக்கா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாவது வந்திருப்ப. அத்தை எங்க, அத்தை எங்கன்னு அந்தப் பிள்ளை மணவறையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தா."

ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

போகும்போது பின்கட்டுக் கதவைத் திறந்து, உத்திரத்தைப் பார்த்து, அப்பாவின் வாளியை எட்டிப் பார்த்தான். ஐப்பசிக்கு முன்னால் இடித்துவிடு என்றான். மூன்றரை மணி பஸ்ஸில் போய்விட்டான். டம்ளரில் அவன் விரல் பட்ட இடத்தில் நீலம் ஒட்டியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன், ஒரே துடைப்பில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், அன்று எனக்கு இது தோன்றவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ராஜிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. நாளை மறுபடியும் செய்வேன்.

இந்த டைரியில் ஜூலை 13ஆம் தேதிப் பக்கத்தில் 'வீட்டுக்கு ஆள் வர வேண்டியிருந்தது' என்று எழுதப்பட்டுள்ளதை 'தம்பி வர வேண்டியிருந்தது' என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. இந்தத் திருத்தம் நீங்கலாக, வயலை விற்றதில் எனக்குள்ள கோபம் உட்பட, மேலே கண்ட மற்ற விவரங்கள் அனைத்தும் எவ்வித மாற்றமும் இன்றி அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
சண்முகவடிவு, த/பெ பிரமநாயகம்.